சின்ன காண்ட்ராக்டருக்கு எதற்கு இந்தச் சான்றிதழ்?

புதிதாக ஜி.எஸ்.டி. நம்பர் எடுத்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். நம்பர் வந்த கொஞ்ச நாளிலேயே போன் வர ஆரம்பித்திருக்கும். "சார், உங்க கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. இருக்கா? எங்க கவுன்சில்ல மெம்பர் ஆயிடுங்க சார், சர்டிபிகேட் தர்றோம், டெண்டர்ல நல்லா வேல்யூ இருக்கும்." கம்பெனி என்று அவர்கள் மரியாதையாகச் சொல்வது, எங்கள் வியாசர்பாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று. அதில் சாரக்கயிறு, இரண்டு கிரைண்டிங் மெஷின், காலி பெயின்ட் டப்பாக்கள். ஆபீஸ் என்பது முதலாளியின் பைக். ஃபைல் என்பது பைக் சீட்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவர்.

இந்த முதலாளி அப்படிப் பணம் கட்டி ஒரு சான்றிதழ் அமைப்பில் சேரலாமா, கூடாதா என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் காமர்ஸ் படிக்கிறவன், என்னை விட இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் சொல்கிறேன்: பெரும்பாலும் கூடாது. அவருடைய நோய் வேறு, இது அதற்கான மருந்து இல்லை.

முதலில் இந்தச் சின்ன காண்ட்ராக்டர் யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வடசென்னை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் வடக்கே போய்க் கொடுங்கையூரைத் தாண்டினால் மணலி. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் ஆரம்பித்து இன்று சி.பி.சி.எல். ஆக இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, பக்கத்தில் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ், அதைச் சுற்றி ரசாயன ஆலைகள். கடற்கரைப் பக்கம் போனால் திருவொற்றியூர், எண்ணூர், அசோக் லேலண்ட், வடசென்னை அனல்மின் நிலையம், 2001-லிருந்து எண்ணூர்த் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்). தெற்கே ராயபுரம், சென்னைத் துறைமுகம். மேற்கே பெரம்பூர், ஐ.சி.எஃப். இவ்வளவு இரும்பும் குழாயும் தொட்டியும் இருக்கிற இடத்தில் துரு சுரண்டுவதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் சாரம் கட்டுவதற்கும் குழாய்க்கு இன்சுலேஷன் சுற்றுவதற்கும் ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகிறவர்தான் நம்மவர்.

ஆனால் அவர் நேராக ஆலையிடம் வேலை எடுப்பதில்லை. ஆலை ஒரு பெரிய கம்பெனிக்கு ஆர்டர் தரும். அது இன்னொரு கம்பெனிக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த இரண்டாவது கம்பெனியின் சூப்பர்வைசர் நம்மவருக்குப் போன் போடுவார்: "அண்ணே, ஷட்டவுன் வருது, முப்பது ஆள் வேணும், திங்கக்கிழமை கேட் பாஸ் போடணும்." ஆலையை வருடாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களைத்தான் ஷட்டவுன் என்கிறார்கள். இரவும் பகலும் வேலை நடக்கும். கூலி வாரா வாரம் கொடுத்தாக வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் தள்ளிப்போட முடியாது. நம்மவருக்குப் பணம் எப்போது வரும்? மேலே இருக்கிறவருக்கு பில் பாஸ் ஆன பிறகு. அவருக்கு எப்போது ஆகும்? அவருக்கும் மேலே இருக்கிறவருக்கு ஆன பிறகு. இந்தப் படிக்கட்டை மனதில் வைத்துக்கொண்டு சான்றிதழுக்கு வருவோம்.

ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதே இல்லை. இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்பவில்லை. ஜெனீவாவில் இருக்கும் அந்த அமைப்பு தர விதிகளை எழுதி வெளியிடுகிறது, அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ. 9001 என்ற விதி 1987-ல் வந்தது, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. விதிப்படி ஒரு நிறுவனம் நடக்கிறதா என்று சோதித்துச் சான்று தருவது தனியார் நிறுவனங்கள். அந்தத் தனியார் நிறுவனம் ஒழுங்கானதா என்று பார்க்க இன்னொரு அமைப்பு வேண்டும். இந்தியாவில் அது இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இருக்கும் என்.ஏ.பி.சி.பி. வெளிநாடுகளிலும் இதுபோன்ற அமைப்புகள் உண்டு. இந்த அங்கீகாரம் உள்ள நிறுவனம் சான்று தந்தால் ஆள் வந்து பார்ப்பார்கள், பதிவேடு கேட்பார்கள். சான்று மூன்று வருஷத்துக்கு, நடுவில் வருஷா வருஷம் மறுசோதனையும் உண்டு.

போனில் கூப்பிடுகிறவர்களில் பலருக்கு இந்த அங்கீகாரம் எதுவும் கிடையாது. ஐ.எஸ்.ஓ. என்ற மூன்று எழுத்தையும் ஒரு பூமிப்பந்துப் படத்தையும் தங்க நிற முத்திரையையும் போட்டு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மூன்று நாளில் தருகிறோம், யாரும் நேரில் வர மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னால், அதன் அர்த்தம் சோதனை கிடையாது என்பதுதான். நம்மவர் அதையே ஒரு சௌகரியமாக நினைத்து சந்தோஷப்படுகிறார். பாவம், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஷட்டவுன் நேரத்தில் ஆடிட்டருக்கு டீ வாங்கிக் கொடுக்க அவருக்கு நேரம் ஏது?

இது நம்மூர் ஏமாற்று வேலை மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பெட்டர் பிசினஸ் பீரோ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. விளம்பரப் பொய்களைக் கண்காணிக்க 1912 வாக்கில் கிளம்பிய குழுக்களிலிருந்து வளர்ந்தது, நூறு வருஷத்துக்கு மேல் வயது. கூரை போடுகிறவர், குழாய் ரிப்பேர் செய்கிறவர், பெயின்ட் காண்ட்ராக்டர் என்று எல்லாரும் வருடச் சந்தா கட்டி அங்கீகாரம் வாங்கி, அந்த முத்திரையை வண்டியில் ஒட்டிக்கொள்வார்கள். வீட்டுக்காரர்களும் அதை நம்புவார்கள். 2010 நவம்பரில் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒரு விஷயத்தை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சில வியாபாரிகள், இல்லாத ஒரு கம்பெனிக்கு 425 டாலர் கட்டி "ஏ மைனஸ்" மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஹமாஸ். அமெரிக்க அரசு தீவிரவாத இயக்கம் என்று பட்டியலிட்ட பெயர்! யாராவது ஒருவர் விண்ணப்பத்தை ஒருமுறை படித்திருந்தாலே போதும். சந்தா கட்டுவதற்கே கூடுதல் மதிப்பெண் கொடுக்கும் முறையை அதற்குப் பிறகு கைவிடுவதாக அறிவித்தார்கள். அந்த வட்டாரக் கிளையை 2013-ல் அமைப்பை விட்டே வெளியேற்றினார்கள்.

இதை வைத்து, சோதிக்கப்படுகிறவனே பணம் கட்டினால் சோதனை கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். நாமும்தான் பரீட்சைக் கட்டணம் கட்டுகிறோம், அதற்காகப் பல்கலைக்கழகம் நம்மை அரியர் போடாமல் விட்டுவிடுகிறதா? கட்டணம் பிரச்சினை இல்லை. அந்தப் பரீட்சையில் ஃபெயில் ஆக முடியுமா என்பதுதான் கேள்வி. யாருமே ஃபெயில் ஆகாத பரீட்சையின் மார்க் ஷீட்டை யார் மதிப்பார்கள்?

ஃபெயில் ஆகக்கூடிய பரீட்சை எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வெல்டர்களிடம் "ஐ.பி.ஆர். இருக்கா?" என்று கேட்பார்கள். கொதிகலன், நீராவிக் குழாய் இவற்றில் வெல்டிங் வைக்க இந்திய கொதிகலன் விதிகளின்படி தேர்ச்சி பெற்றவர்தான் கை வைக்க வேண்டும். கொதிகலன் துறை அதிகாரியின் முன்னால் வெல்டிங் வைக்க வேண்டும். 6ஜி என்று ஒரு நிலை உண்டு, குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்ப முடியாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும், மேலே, பக்கவாட்டில், அடியில் என்று. பிறகு அந்தத் துண்டை அறுத்து வளைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் தெரிந்துவிடும். பலர் தோற்றுத் திரும்பவும் போகிறார்கள். தேறினால் கிடைக்கும் சான்று இரண்டு வருஷத்துக்குத்தான். அந்தச் சான்று வைத்திருப்பவர் கேட்கிற கூலி வேறு, அதைக் கொடுக்க ஆளும் இருக்கிறது. மின்சார வேலைக்கு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் வயர்மேன், சூப்பர்வைசர் தகுதிச் சான்றுகளும் இந்த வகைதான். சான்று இல்லாமல் அந்த வேலையே செய்யக்கூடாது.

ஆக, கையில் ஒரு இருபதாயிரம் இருந்து அதைச் சான்றிதழில்தான் போடுவேன் என்று நம்மவர் அடம் பிடித்தால், தன் செட்டில் இருக்கிற இரண்டு நல்ல பையன்களை ஐ.பி.ஆர். தேர்வுக்குத் தயார் பண்ணுவதில் போடட்டும். பையன்கள் தேறியதும் வேறு இடத்துக்குப் போய்விடுவார்களே என்பார். போகலாம். சுவரில் மாட்டின ஐ.எஸ்.ஓ. எங்கும் போகாது, உண்மைதான்! ஆனால் அது ஒரு வெல்டிங் கூட வைக்காது.

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். சில பெரிய கம்பெனிகள் வெண்டராகப் பதிவு செய்யும்போதே ஐ.எஸ்.ஓ. 9001 இருக்கிறதா, பாதுகாப்புக்கான 45001 இருக்கிறதா என்று கேட்கின்றன. இருந்தால்தான் விலைப்புள்ளி கொடுக்கவே முடியும். அப்படி ஒரு குறிப்பிட்ட கம்பெனி எழுத்தில் கேட்டு, அந்தக் கம்பெனியின் வேலை நிஜமாகவே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், வாங்கத்தான் வேண்டும். அங்கீகாரம் உள்ள நிறுவனத்திடம், செலவானாலும் பரவாயில்லை என்று வாங்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி அதைச் சரிபார்ப்பார், போலியாக இருந்தால் பெயர் கெடும். இன்னொரு விஷயமும் உண்டு. பொருள் தயாரிக்கிற பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மத்திய அரசின் ஸெட் சான்றிதழ் இருக்கிறது, 2022-ல் புதுப்பித்தார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி, குறுநிறுவனத்துக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் மானியம். லேத் பட்டறைக்காரருக்கு இது பார்க்க வேண்டிய விஷயம். ஆள் திரட்டிப் போகும் பெயின்ட் காண்ட்ராக்டருக்கு இதில் ஒன்றும் இல்லை.

வீட்டு வேலை செய்கிறவருக்கோ எந்த முத்திரையும் வேண்டாம். எம்.கே.பி. நகரில் மாடி கட்டுகிற ஒருவர் மேஸ்திரியிடம் ஐ.எஸ்.ஓ. கேட்டு நான் பார்த்ததில்லை. "போன தடவை யார் வீட்டில் வேலை செஞ்சே?" என்று கேட்பார், அந்த வீட்டுக்கே போய் மழைக்கு ஒழுகுதா என்று விசாரித்துவிட்டு வருவார். இதை விட நல்ல ஆடிட் எங்கே இருக்கிறது?

அப்படியானால் அரசு வேலைக்குப் போகலாமே, பொதுப்பணித் துறையிலோ மாநகராட்சியிலோ ஒப்பந்ததாரராகப் பதிவு செய்துகொண்டால் நேரடியாக டெண்டர் போடலாமே என்று கேட்கலாம். அதுதான் உண்மையான அங்கீகாரம், அரசே கொடுப்பது, வகுப்பு வாரியாக. இங்கேதான் வியாசர்பாடிக்காரர்களுக்கு ஒரு சிக்கல். அந்தப் பதிவுக்குச் சொத்து மதிப்புச் சான்று கேட்பார்கள், சால்வென்சி என்று எல்லாரும் சொல்வது. தாசில்தார் அலுவலகத்தில் வாங்க வேண்டும், உங்கள் பெயரில் இருக்கிற நிலம், வீட்டின் மதிப்பைப் பார்த்துத்தான் தருவார்கள். எங்கள் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் வாரியக் குடியிருப்பில் இருக்கின்றன. 1970-ல் குடிசை மாற்று வாரியமாக ஆரம்பித்து 2021-ல் பெயர் மாறிய வாரியம். தவணை கட்டி முடித்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். பட்டா இல்லாத இடத்தில் இரண்டு தலைமுறையாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷம் ரிஃபைனரியில் சாரம் கட்டினவரிடம் தொழில் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஒருநாளும் விபத்து இல்லை என்ற பெயர் இருக்கிறது. சொத்து மட்டும் அவர் பெயரில் இல்லை. அதனால் அவர் எப்போதும் சப்-காண்ட்ராக்டருக்கும் சப்-காண்ட்ராக்டராகவே இருக்கிறார். இந்தக் கதவு சாத்தியிருப்பதால்தான் போனில் கூப்பிடும் கவுன்சில்காரனின் ஜன்னல் பெரிதாகத் தெரிகிறது. இதை யாரும் பேசுவதில்லை.

சரி, அவருடைய நோய் வேறு என்று சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இன்சுலேஷன் வேலை எடுக்கிறார். அவரிடம், "உங்களுக்கு வேலை கிடைப்பது கஷ்டமா, காசு கிடைப்பது கஷ்டமா?" என்று கேட்டேன். சிரித்தார். "வேலைக்கு என்னா தம்பி, போன் வந்துகினே இருக்கு. முடிச்ச வேலைக்கு பில்லுதான் வரல." வேலை முடிந்து ஏழு மாதம். மேல் காண்ட்ராக்டர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. நடுவில் பிடித்து வைக்கிற ரீட்டென்ஷன் பணம் தனி. கூலி கொடுக்க அவர் வாங்கின வட்டிக் கடன் மட்டும் மாதம் தவறாமல் வளர்கிறது. இவரிடம் போய் ஒருவர் தரச் சான்று விற்கிறார்.

இவருக்கு உதவும் காகிதம் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் போதும், ஆன்லைனில் அரசு தளத்தில் இலவசம். (இதற்கும் இரண்டாயிரம், மூவாயிரம் வாங்குகிற தளங்கள் அரசு தளம் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு நிற்கின்றன, ஜாக்கிரதை.) 2025 ஏப்ரல் முதல், இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் வருட விற்றுமுதல் பத்துக் கோடிக்குள்ளும் இருந்தால் நீங்கள் குறுநிறுவனம். நம்மவர்கள் யாரும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

இந்தப் பதிவினால் என்ன லாபம்? 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்வது இது. வாங்குகிறவரும் விற்கிறவரும் எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், பணம் கொடுக்க 45 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டி. தராவிட்டால் வசதியாக்க மன்றத்தில் மனுப் போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு இடங்களில் இந்த மன்றங்கள் உண்டு, மனுவை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால், பணம் தர வேண்டிய கம்பெனி தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வருமான வரிச் சட்டத்திலும் 2023-ல் ஒரு விதி சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவைத் தாண்டியும் பாக்கி வைத்திருந்தால், பணத்தைக் கொடுக்கும் வருஷம் வரை அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. அதனால்தான் மார்ச் மாதம் வந்தால் சில கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் அவர்களாகவே போன் செய்து "அண்ணே, உங்க உத்யம் நம்பர் என்ன?" என்று கேட்கிறார்கள்.

ஓட்டைகளும் உண்டு, மறைக்கவில்லை. பதிவைப் பணம் வராத பிறகு எடுத்துப் பிரயோஜனம் சந்தேகம். 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பின்னால் எடுத்த பதிவு முந்தின சப்ளைக்குப் பொருந்தாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு வேறு மாதிரிப் பார்த்து, பெரிய அமர்வு முடிவு செய்யட்டும் என்று அனுப்பியது. நமக்கு எதற்கு அந்த வம்பு, வேலைக்கு முன்னாலேயே பதிவு செய்துவிட வேண்டும். இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. பொருளும் உழைப்பும் கலந்த வேலை "ஒர்க்ஸ் காண்ட்ராக்ட்", அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று பெரிய கம்பெனி வக்கீல்கள் வாதாடி, சில உயர் நீதிமன்றங்களில் ஜெயித்தும் இருக்கிறார்கள். பெயின்ட் அவர்களுடையது, ஆள் மட்டும் நம்முடையது என்றால் அது வெறும் சேவை, இந்த வாதத்துக்கு இடம் குறைவு. மெட்டீரியலோடு எடுக்கிற வேலையில்தான் உஷாராக இருக்க வேண்டும். மூன்றாவது, பில்லைக் காட்டி உடனே பணம் வாங்கிக்கொள்ளும் டிரெட்ஸ் தளங்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளும் மத்திய அரசு நிறுவனங்களும் அதில் சேர வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. ஆனால் நம்மவரின் பில் சி.பி.சி.எல். பெயரில் இருக்காதே! நடுவில் இருக்கிற, கோடம்பாக்கத்தில் இரண்டு அறை ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனியின் பெயரில் இருக்கும். அந்தத் திட்டத்தின் ஏணி நம்மவருக்கு இரண்டு படி மேலேயே நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை சட்டத்தில் இல்லை. அந்த அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கேஸ் போட்டா அடுத்த ஷட்டவுனுக்கு என்னைக் கூப்பிடுவானா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு ஆள் தனியாகக் கேட்டால் அந்த ஆளை விட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். வியாசர்பாடியில் ஆளுக்கா பஞ்சம்?

ஒரு சங்கம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். சான்று கொடுக்க இல்லை, கடிதம் எழுத. "எங்கள் உறுப்பினர் பன்னிரண்டு பேருக்கு உங்கள் நிறுவனம் இவ்வளவு பாக்கி" என்று லெட்டர்பேடில் போனால், அதில் யாரை மட்டும் அடுத்த முறை ஒதுக்குவது? வணிகக் குழு என்பதே நம்மிடம் இப்படித்தான் இருந்திருக்கிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதாகச் சொல்கிறது. கடல் கடந்துபோன இடத்திலும் அந்தப் பெயருக்கு ஒரு பலம் இருந்தது, அது காக்கும் என்று பலர் நம்பினார்கள். இன்றைக்கு 1941-லிருந்து இருக்கும் பில்டர்ஸ் அசோசியேஷனும், 1956-ல் தொடங்கிய சிறுதொழில் அமைப்பான டான்ஸ்டியாவும் தங்கள் உறுப்பினர்களுக்காக அரசிடம் பேசுகின்றன. ஆனால் நம்மவர் அளவுக்குக் கீழே இருக்கிறவரின் எண்பதாயிரம் ரூபாய் பில்லுக்கு யார் வருவார்கள் என்பதை அவர் சேருமுன் நேராகக் கேட்டுவிட வேண்டும். போன வருஷம் எத்தனை உறுப்பினருக்கு நிலுவைக் கடிதம் எழுதினீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பணம் வந்தது? பதில் சொல்லத் தெரிந்த சங்கத்தில் சந்தா கட்டலாம். சந்தா அதிகமாக இருந்தாலும் கட்டலாம். காலையில் டிபன் சாப்பிட்டு விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளும் குழுக்களைப் பற்றியும் கேட்பீர்கள். இன்டீரியர், சோலார், மாடுலர் கிச்சன் செய்கிறவர்களுக்கு அது உதவலாம், வாடிக்கையாளர் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஷட்டவுன் சூப்பர்வைசர் அந்த டிபனுக்கு வர மாட்டார்.

அந்த அண்ணனிடம் கடைசியாக நான் சொன்னது சின்ன விஷயம். அடுத்த முறை பிரஸ்ஸில் பில் புத்தகம் அடிக்கும்போது மேலே ஜி.எஸ்.டி. நம்பருக்குக் கீழே உத்யம் நம்பரையும் போடச் சொன்னேன். பில் கொடுக்கும்போது கார்பன் காப்பியில் கையெழுத்தும் தேதியும் சீலும் வாங்கச் சொன்னேன். வேலையில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம், 45 நாள் கணக்கும் அதிலிருந்துதான் ஓடும். "சீலு வாங்கறதுதான் கஷ்டம் தம்பி, செக்யூரிட்டி கேட்லயே வாங்கி வெச்சுக்குவான்" என்றார். வாங்கும் பில்லை இன்வேர்டு நோட்டில் எழுதுவார்களே, அந்த நம்பரையாவது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்றார். புத்தகம் இன்னும் முப்பது தாள் பாக்கி இருக்கிறதாம், அது தீர்ந்ததும்தான் புதுசு அடிப்பாராம். அதுவரைக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.